பெங்களூரில் வெளிவராத கூட்டறிக்கை

உலகப் பொருளாதார ஒழுங்கை வகுப்பவர் யார் என்ற வினா, 1944-ஆம் ஆண்டின் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக் காலந்தொட்டே இருந்து வருகிறது. 2023 பிப்ரவரி 24, 25 தேதிகளில் பெங்களூரில் அது மீண்டும் எழுந்தது. இந்தியாவின் தலைமையில் ஜி-20 நாடுகளின் நிதியமைச்சர்களும் மத்திய வங்கி ஆளுநர்களும் முதன்முறையாக அங்கு கூடினர். ஆயினும் கூட்டறிக்கை வெளிவரவில்லை. தலைமை நாட்டின் சுருக்கவுரையே வெளியிடப்பட்டது. உக்ரைன் போர் குறித்த 3, 4-ஆம் பத்திகளை ரஷ்யாவும் சீனாவும் ஏற்கவில்லை என அதன் அடிக்குறிப்பு கூறிற்று. 2022 நவம்பரில் பாலி மாநாட்டுப் பிரகடனத்தில் இடம்பெற்ற வாசகங்களே அவை.

கடன் பற்றிய இரு நோக்குகள்

கடன் மறுசீரமைப்பிலும் கருத்து வேற்றுமை நிலவியது. கடன் கொடுத்த அரசுகள் ஒருங்கே அமர்ந்து, சம அளவில் சுமையை ஏற்பது 1956-இல் தோன்றிய பாரிஸ் மன்றத்தின் மரபு. அதில் உறுப்பினரல்லாத சீனா, தனித்துப் பேசுவதையே விரும்புகிறது. உலக வங்கி போன்ற நிறுவனங்களும் இழப்பைப் பகிர வேண்டும் என்றும் அது வாதிட்டது. அவ்வாறு பகிர்ந்தால் அந்நிறுவனங்கள் கடன் திரட்டும் செலவு உயரும். ஏழை நாடுகளுக்குக் கிட்டும் சலுகைக் கடன் குறையும் என்பது எதிர்வாதம்.

இலங்கையின் அனுபவம்

2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடன் தவணைகளை நிறுத்தியது. பன்னாட்டு நிதியத்தின் உதவிக்குக் கடன் கொடுத்த நாடுகளின் உறுதிமொழி தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் இந்தியா முதலில் அதனை வழங்கிற்று. மார்ச் 20-இல் சுமார் 300 கோடி டாலர் உதவிக்கு நிதியம் ஒப்புதல் அளித்தது. பின்னர் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவை கூட்டாகத் தலைமை ஏற்ற குழு ஒருபுறமும், சீனாவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி மறுபுறமும் இலங்கையுடன் பேசின. 2024 ஜூன் 26-இல் இரு தரப்புடனும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. இடைப்பட்ட காலம் இரண்டாண்டுகளுக்கும் மேல்.

படிப்பினை

எழுச்சி பெறும் நாடுகள் யாவும் ஒரே நோக்குடையன அல்ல. பன்னாட்டு நிதியத்தின் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்குகள் வேண்டும். 16 சதவீதத்திற்கு மேல் வைத்துள்ள அமெரிக்கா அவற்றைத் தடுக்க இயலும். இதனை மாற்ற வேண்டும் என்பதில் இந்தியாவும் சீனாவும் ஒன்றுபடுகின்றன, வழியில் வேறுபடுகின்றன. இருக்கும் அமைப்புகளை விரிவாக்குவதே இந்தியாவின் அணுகுமுறை. 2023 செப்டம்பரில் புதுதில்லி உச்சி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் நிரந்தர உறுப்பினரானது இதற்குச் சான்று. எந்த ஒழுங்கு நிலைபெற்றாலும், கடனில் சிக்கிய நாடு காத்திருக்கும் காலத்தை அது குறைக்கிறதா என்பதைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும்.