ஜொகூர்க் குன்றுகளில் எதற்குப் பயப்பட வேண்டும்?

சிங்கப்பூரின் சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். இறங்குமிடம் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பெங்கேராங் கரை. அங்கிருந்து வடக்கே டெசாரு, மெர்சிங் வரை நீளும் கிழக்குக் கடலோரத்தில் காட்டுக் குன்றுகளும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகளும் உண்டு. மலைச் சைக்கிளோடு வரும் வெளியூர்க்காரர்கள் புலியைப் பற்றியும் அட்டையைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். புழுக்கத்தையும் சேற்றையும் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆளை வீழ்த்துவதோ அவை இரண்டும்தான்.

"இதெல்லாம் ஒரு மலையா, சின்னக் குன்றுதானே!" என்பது முதல் நம்பிக்கை. ஜொகூரின் உச்சியான குனோங் லேடாங் 1,276 மீட்டர். அது உள்நாட்டில் இருக்கிறது. கடலோரக் குன்றுகள் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். ஆனால் இங்கே உடம்பைச் சோதிப்பது உயரமல்ல. தார்ச்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்திவிடும். வேர்கள் குறுக்கிடும் செங்குத்தான ஏற்றத்தில் சைக்கிள் நடைவேகத்தில்தான் நகரும். கடற்காற்றை மரங்கள் மறித்துவிடும். ஈரம் ஏறிய காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பைக் குளிர்விக்கும். கோயம்புத்தூரின் உலர்ந்த வெயிலில் நாள் முழுக்க ஓட்டுகிறவர்கூட இங்கே சீக்கிரம் தளர்ந்துபோவதற்கு இதுவே காரணம். உடம்பு இந்தப் புழுக்கத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதனால் வந்திறங்கிய மறுநாளே நீண்ட பாதையில் இறங்காதீர்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் தீர்வாகாது. வியர்வையோடு உப்பும் போவதால் அதையும் ஈடுகட்ட வேண்டும். தலைவலி, குமட்டல் என்றால் நிழலில் உட்காருங்கள். கூட வருபவரின் பேச்சு குழறினால் அது அவசர நிலை. உடனே தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தபடி மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

புலியைப் பார்க்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. யானை அப்படியல்ல. கோத்தா திங்கி, மெர்சிங், குளுவாங் வட்டாரங்களில் காட்டு யானைகள் தோட்டங்களுக்குள் வருவது வழக்கம். ஈரம் காயாத சாணத்தைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

"தோட்டப் பாதை பொதுவழிதானே?" இல்லை. ஜொகூரில் எத்தனையோ தோட்டங்களை, கித்தா (ரப்பர்) மரக் காலத்திலிருந்தே, நம் தமிழர்கள்தான் காடு வெட்டி உருவாக்கினார்கள். அந்த மண்ணில் போகும்போது சொந்த ஊர் என்ற உணர்வு எனக்கும் வருகிறது. ஆனாலும் அது தனியார் நிலம். வாசலில் காவல்காரரிடமோ மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளரிடமோ சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. குலை ஏற்றிய லாரி எந்தத் திருப்பத்தில் வரும், எங்கே மருந்து தெளிக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வனத்துறையின் ஒதுக்குக்காட்டில் நுழைவதற்கோ முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெற வேண்டும். இன்னொன்று: வெட்டிப்போட்ட செம்பனை மட்டையின் அடியில் இருக்கும் முள் டயரை எளிதாகத் துளைத்துவிடும். வரிசைகளுக்கு இடையே மட்டை குவித்திருக்கும் பக்கம் போகாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழையைத் தவிர்த்தால் வானம் வெளுத்திருக்கும் என்பதும் பாதி உண்மைதான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பெருமழை, சரி. ஆனால் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் சாதாரணம். விடியற்காலையில் ஏறி நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். மழை நின்ற கையோடு ஓட்டுவதை வீரமாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஊறிய களிமண்ணில் டயர் இழுத்த கோடு வழியாகவே அடுத்த மழைநீர் ஓடிப் பாதையை அரித்துவிடும்.

கடைசியாக அட்டை. கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிவது பயமுறுத்தும். ரத்தம் உறையாதபடி அது ஒரு பொருளைச் செலுத்துவதால் வருவதுதான் அந்தக் கசிவு. நெருப்பால் சுடாமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்த சேறும் நீரும் சிராய்ப்பு, கண், வாய் வழியாக உள்ளே போனால் வரும் நோய் அது. 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த 'ஈகோ சேலஞ்ச்' சாகசப் பந்தயத்தில் மலைச் சைக்கிளும் ஓர் அங்கம். கலந்துகொண்ட 304 பேரில் 189 பேரைப் பின்னர் விசாரித்தபோது, 80 பேருக்கு இந்நோயின் அறிகுறிகள் கண்டிருந்தன. சேகாமா ஆற்றில் நீந்தியதே முக்கியக் காரணமாகத் தெரியவந்தது. சைக்கிள்காரருக்கு ஆறு வேண்டியதில்லை. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு தண்ணீர் பாட்டிலின் வாயில் ஒட்டினாலே போதும். மூடியுள்ள பாட்டிலாகப் பாருங்கள். சிராய்ப்பை அன்றே கழுவி மூடுங்கள்.

இந்நோய் தலைகாட்டப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும். சிலருக்கு ஒரு மாதம்கூட. அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். அங்கே காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டெங்குப் பரிசோதனையோடு விட்டுவிடாமல், ஜொகூர்ச் சேற்றில் சைக்கிள் ஓட்டியதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.