இந்தப் புத்தகம் பிள்ளைக்குச் சரியா?

கடுகண்ணாவையிலிருந்து கண்டிக்குப் போய் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் வாங்குகிறீர்களா? அட்டையில் உள்ள வயதை மட்டும் நம்ப வேண்டாம். நடுப்பக்கம் ஒன்றைப் பிள்ளையையே வாசிக்க விடுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். இரண்டு, மூன்று விரல் என்றால் அளவான புத்தகம். ஐந்தும் மடங்கினால் இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம். 'ஓடிக்கொண்டிருந்தபோது' போன்ற நீண்ட சொற்களில் பிள்ளை திக்குகிறதா என்றும் கவனியுங்கள். தமிழில் தடங்கல் பெரும்பாலும் அங்கேதான்.

சென்னையில் அச்சான புத்தகமானால் கொஞ்சம் பொறுமை வேண்டும். 'பஸ் தரிப்பிடம்' என்று பழகிய பிள்ளை 'பேருந்து நிறுத்தம்' என்பதில் நின்றால் அது வாசிப்புக் குறையே அல்ல. பொருளைச் சொல்லிவிடுங்கள், விரல் மடக்க வேண்டாம்.

வாசிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கவைத்துச் சொற்களை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 40 சொல் வாசிக்கும் பிள்ளைக்கு, பக்கத்துக்கு 30 சொல் வீதம் 16 பக்கக் கதை 12 நிமிடம். படம் பார்க்கும் நேரம் தனி, அதில் அவசரப்படுத்தாதீர்கள்.