கதிரையில் இருந்து எழும்பப் பழகுவோருக்கு

முந்தலில் அறுபதைத் தாண்டி, வீட்டிலேயே தேகப்பயிற்சி தொடங்க நினைக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் எழுபத்தாறு வயதுக்காரன் சொல்வது:

1. "கரைவலை இழுத்த உடம்புக்கு என்ன தேகப்பயிற்சி?" நானும் இப்படித்தான் கேட்டேன். வலை இழுத்தது நாற்பது வயதில். இப்போது கிணற்றடியில் ஒரு காலைத் தூக்கிக் கழுவினால் மற்றக் கால் ஆடுகிறது. விழாமல் நிற்பதுதான் இனி நமக்கு வேண்டிய பலம்.

2. உங்களைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கட்டளை போடுகிற பயிற்சியை நம்பாதீர்கள். பேரன் போனில் காட்டிய வீடியோ, 21 நாளில் வாலிபம் திரும்பும் என்றது. மூன்றாம் நாளே முழங்கால் வீங்கி ஒரு கிழமை பாயில் கிடந்தேன். வீடியோவில் வந்த பெடியனுக்கு என் பிரஷரும் தெரியாது, சீனி வருத்தமும் தெரியாது.

3. நம்பத்தக்கது எப்படியிருக்கும்? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் வகுத்த பயிற்சி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி 1997இல் வந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் 80 வயதும் அதற்கு மேலுமான பெண்கள். இயன்மருத்துவர் வீட்டுக்கே போய், ஆளைப் பார்த்துப் பயிற்சியைத் தீர்மானித்தார். கதிரையில் இருந்து எழுவது, கணுக்காலில் சிறு பாரம் கட்டிக் காலை நீட்டுவது, குதியைப் பெருவிரலோடு ஒட்டவைத்து அடியடியாய் நடப்பது. கிழமைக்கு மூன்று நாள், அரை மணித்தியாலம். இடையில் சாதாரண நடை. விழுவது குறைந்தது. துள்ளல் ஒன்றும் இல்லை, பாருங்கள்.

4. நம் வீடு தேடி எவரும் வரமாட்டார். கிளினிக் நாளில் கொப்பியோடு போய் டொக்டரிடம் கேளுங்கள். புத்தளத்திலோ சிலாபத்திலோ இயன்மருத்துவரைக் காண ஒரு துண்டு வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், வழுக்கும். சுவரோடு சாத்திய மரக்கதிரை போதும்.

6. செய்யும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. தலை சுற்றினால் இருந்துவிடுங்கள். நெஞ்சு இறுகினால் பொறுத்துப் பார்க்காமல் 1990க்கு அழையுங்கள்.

7. கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பு அசையவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை முதல் கிழமையிலேயே எட்டப் பார்க்காதீர்கள். கைபிடிக்காமல் பத்துத் தரம் எழும்ப எனக்கு நாலு மாதம் பிடித்தது.