சாமிக்கு முதுகு காட்டி எழுதிய பிள்ளைகள்

காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்குக் கூட்டம் நெரியும். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிப் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியில் நிற்பவர்கள் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கும் பிள்ளைகள் ஒரு கண்ணைப் பழத்திலும் ஒரு கண்ணைச் சாமியிலும் வைத்திருப்பார்கள். ஆக, செப்புத் திருமேனி என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதே அல்ல. அதே பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், அதே மாதிரித் திருமேனியின் முன்னால் நிறுத்தினால், பேச்சு மூச்சில்லாமல் நிற்கிறார்கள். அவர்களுடைய வாயை அடைப்பது அங்கே கையில் திணிக்கப்படும் காகிதம்தான் என்று அடித்துச் சொல்கிறார் காரைக்கால் பெண் ஒருவர்.

வரலாற்றுப் பட்டப்படிப்பை முடித்த கையோடு, ஒரு கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தவர் அவர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்பங்களைக் காட்டி விளக்குவது, விடுமுறை முகாம்களுக்கு ஒத்தாசை செய்வது இவைதான் வேலை. இன்று அவர் பள்ளி ஆசிரியர். அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரல் இன்னும் சூடேறுகிறது. அவருடைய பெயரும் அந்த இடத்தின் பெயரும் இங்கே வேண்டாம்.

சேர்ந்த புதிதிலேயே பிள்ளைகளுக்கான வினாத்தாள் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னார்கள். மாதிரிக்குப் பழைய தாளைக் கொடுத்தார்கள். எந்த நூற்றாண்டு, எந்த ஊரில் கிடைத்தது, என்ன உலோகம், உயரம் எவ்வளவு என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் விடை, சிலைக்குப் பக்கத்தில் உள்ள விவரப் பலகையிலேயே இருக்கும். விடையைத் தேடுகிற சாக்கில் பிள்ளைகள் சிலையையும் பார்த்துவிடுவார்கள் என்பது மேலதிகாரியின் கணக்கு. பயிற்சிக்கு வந்தவருக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. ஆனாலும் சொன்னபடி செய்துகொடுத்தார். ஒரே ஒரு பிள்ளையிடம்கூடக் கொடுத்துப் பார்க்காமல் தாள் அச்சுக்குப் போனது. மொத்தப் பயிற்சிக் காலத்திலும் அவருக்குப் பெரிய நஷ்டம் இதனால்தான்.

கடற்கரை ஊர்ப் பள்ளி ஒன்றிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தாள் கைக்கு வந்ததும் கூடம் பரீட்சை அறையாகிவிட்டது. பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பலகைக்கு முகமும் சாமிக்கு முதுகுமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு பெண் எழுத்துக்கூட்டி வாசிக்க, மற்றவர்கள் அப்படியே எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் எழுதவில்லை. தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, பீடத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, இந்த ஓட்டை எதுக்கு? தண்டு சொருகவா? அப்போ இது வெளியில தூக்கிட்டுப் போற சாமியா?”

அவர் பதில் சொல்வதற்குள், “தம்பி, எந்திரி, இங்கெல்லாம் படுக்கக் கூடாது” என்று காவலர் வந்துவிட்டார். “பேப்பர் எங்கடா?” என்றார் கூட வந்த ஆசிரியர். பையன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு வரிசையில் போய் உட்கார்ந்தான். உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று பலகையைப் பார்த்து எழுதினான்.

அன்று அந்தக் கூடத்தில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே பொருளுள்ள கேள்வி அவனுடையதுதான். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவை உற்சவர்கள். மூலவர் கருவறையை விட்டு அசையமாட்டார். வீதிக்கு வந்து ஊரைப் பார்ப்பவர் உற்சவர்தான். பீடத்தில் துளையும் வளையமும் வைத்து வார்த்தது, தண்டைக் கோத்துத் தோளில் ஏற்றுவதற்காக. வீதியுலாவில் பட்டும் பூவும் நகையும் சாத்திவிடுவதால், ஊர் மக்களுக்கு முகத்தைத் தவிர வேறு அதிகம் தெரிந்திருக்காது. அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கிற அந்த இடுப்பு வளைவையும் முதுகையும் அர்ச்சகரும் அலங்காரம் செய்பவரும்தான் அறிந்திருப்பார்கள். பல நூறு ஆண்டுகளாகத் தேய்த்து நீராட்டியதில் சில திருமேனிகளின் மூக்கும் கன்னமும் மழுங்கிப் போயிருக்கும். எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை ஒன்று விடாமல் காட்டும். ‘பொ.ஆ. 11-ஆம் நூற்றாண்டு’ என்று நகலெடுத்த பிள்ளைக்கு அடுத்த நாள் அது நினைவில் இருக்குமா என்பதே சந்தேகம்.

பெரியவர்களும் இதில் ஒசத்தி இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கலைப்படைப்பின் முன் ஒருவர் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடிதான். இந்த அவசரத்துக்கு மருந்து தேடியவர்கள் உண்டு. அதே நகரத்தின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய முறை மூன்றே கேள்விகளில் அடங்கிவிடும். இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? பெயர், ஆண்டு எல்லாம் பிறகுதான். அந்த அருங்காட்சியகத்தில் கல்விப் பணியை 1937-இல் தொடங்கி வைத்தவர் விக்டர் டி’அமிகோ. அவர் பிள்ளைகளுக்காக அமைத்த கலைக் கூடம் ஒன்று 1962-இல் இந்தியாவுக்கே அன்பளிப்பாக வந்தது. அதை இந்திரா காந்தியிடம் வழங்கியவர் ஜாக்குலின் கென்னடி. இது நம் நாட்டுக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பலகையை நகலெடுக்க வைக்கிறோம் என்பதுதான் பயிற்சிக்குப் போன அந்தப் பெண்ணின் ஆற்றாமை. அது நியாயமான ஆற்றாமை.

அந்த மூன்று கேள்விகளை அவர் ஒரு முறை சோதித்துப் பார்த்தார். கூட்டம் இல்லாத ஒரு பிற்பகல், மேலதிகாரி விடுப்பில் இருந்த நாள். வினாத்தாளை எடுக்காமல், பெரிதாக அச்சிட்ட ஒரு புகைப்படத்தை மட்டும் பிள்ளைகள் நடுவில் வைத்தார். மெட்ரோபாலிட்டனில் இருக்கும் காரைக்கால் அம்மையார் செப்புத் திருமேனியின் படம் அது. அமெரிக்காவின் கான்சஸ் நகரத்து நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். இரண்டும் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று சொல்லப்படுகின்றன. இரண்டிலும் எலும்பு தெரியும் உடம்போடு அமர்ந்து தாளம் போடுகிறார்.

“பேய்க்கா!” என்றது முதல் குரல். “எதைப் பார்த்து?” என்று கேட்டார். விலா எலும்பு தெரிகிறது என்றது ஒன்று. சாப்பாடே கிடைக்காத பாட்டி என்றது இன்னொன்று. “பசியா இருந்தா சிரிப்பாங்களா? கையில தாளம் இருக்கு பாரு, பாடுறாங்க” என்றாள் ஒரு பெண். மற்ற பிள்ளைகள் அந்த வாயையும் கையையும் பார்க்கக் கிட்டே வந்து குனிந்தார்கள். அதன் பிறகுதான் அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். மாங்கனித் திருவிழாவில் பரமதத்தனுக்கு மாலையிடும் புனிதவதியும், அழகே வேண்டாம், பேயுரு தா என்று இறைவனிடம் கேட்டுத் திருவாலங்காட்டில் ஆடலைப் பார்த்துப் பாடியவரும் ஒருவர்தான் என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. ‘ஒரே படத்தில் நேரத்தைச் செலவழித்துவிட்டார், மற்ற கூடங்களைக் காட்டவில்லை’ என்று மேலதிகாரி பிறகு குறிப்பெழுதினார். எல்லாக் கூடத்தையும் ஓட்டமாக ஓடிக் காட்டியவர்களுக்கு அப்படி ஒரு குறிப்பு எழுதப்படவில்லை.

தன்னைப் போலவே பயிற்சிக்குப் போக நினைக்கும் காரைக்கால்காரர்களுக்கு அவர் சொல்லும் முதல் செய்தி விண்ணப்பத்தைப் பற்றியது. கல்லூரிச் சான்று, பேராசிரியர் கடிதம், ஒரு பக்க விவரம் எல்லாம் எல்லாருக்கும் பொதுவானவை. அவை தானாக நடக்கும். சிக்கல் ‘மாநிலம்’ என்ற கட்டத்தில்தான். நாகப்பட்டினம் இருபது கிலோமீட்டர் தொலைவு, பேசுவது அதே தமிழ், குடிப்பது அதே காவிரித் தண்ணீர். ஆனாலும் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954-இல் இந்தியாவோடு சேர்ந்த காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டு. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு மட்டும் என்று போட்ட உதவித்தொகை எதுவும் நமக்கு இல்லை. இதைக் கடைசி நாளில் தெரிந்துகொண்டு அலையக் கூடாது. முதலிலேயே போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.

இடத்தைத் தேர்வதிலும் அவர் கறாராக இருக்கிறார். சென்னையில் அத்தை வீடோ சித்தி வீடோ இல்லாதவர்களுக்கு விடுதி வாடகையே பயிற்சித் தொகையை விழுங்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தைப் பார்க்கட்டும். 1951-இல் தொடங்கியது, திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகனரும் பிச்சாண்டவரும் அங்கேதான் நிற்கிறார்கள். ரிஷபவாகனர் 1011-இல் செய்தளிக்கப்பட்டவர் என்பதற்குக் கல்வெட்டே இருக்கிறது. காளை இல்லை, அதன் மேல் சாய்ந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது. கை எதன் மேல் இருந்திருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டால் போதும், அரை மணி நேரம் ஓடிவிடும். சென்னையில் இடம் கிடைத்தால், 1851-இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பல அங்கே இருக்கின்றன. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருங்கிய சரக்கு வேறு இல்லை. கையால் செய்து பார்க்கும் பயிற்சியில் ஆர்வம் உள்ளவர்களுக்கு முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா. எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை.

ஓவியக் கல்லூரியில் படித்தவர்களே இந்த வேலைக்கு லாயக்கு என்று நேர்காணலில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னாராம். அதை அவர் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. கோட்டோவியம் போடத் தெரிவது நல்லதுதான். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் அதன் பேச்சிலேயே பேசத் தெரிவதும், உற்சவர் எப்படித் தெருவுக்கு வருகிறார் என்று சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்ததும் அதற்குக் குறைந்த தகுதியா? சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவதைக் காரைக்காலிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். கொஞ்சம் மெழுகைக் கொண்டுவந்து பிள்ளைகளின் கையில் கொடுத்தால், அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் அதே அச்சில் இன்னொன்றை வார்க்க முடியாது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் வரும் நாளுக்கும் அவரிடம் ஆலோசனை உண்டு. அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் கழிப்பறை, அப்புறம் தண்ணீர், அதன் பிறகுதான் சிலை. கூட வரும் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, தாளும் பேனாவும் பையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளை தரையில் படுத்துப் பார்த்தால் விரட்ட வேண்டாம் என்று காவலரிடமும் அன்று காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும், அவர்களும் கேட்டுக்கொள்வார்கள். புதிய தாள் எதுவானாலும் நாலு பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்காமல் அச்சுக்கு விடக் கூடாது. மேலதிகாரி மறுத்தால், மறுத்ததை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகக் காலம். கல்லூரி விடுமுறை என்று ஏப்ரல், மே மாதங்களில் பயிற்சிக்குப் போகிறவர்கள் பள்ளிக் கூட்டத்தையே பார்க்காமல் கோப்புகளை அடுக்கிவிட்டுத் திரும்புவார்கள். அந்த மாதங்களில் கோடை முகாம் இருந்தால் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் மழை, பள்ளிகளுக்கு எப்போது விடுமுறை அறிவிப்பார்கள் என்று தெரியாது. பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் சுற்றுலா வருவது பொங்கலுக்குப் பிறகு, ஆண்டுத் தேர்வுக்கு முன்பு. அந்த ஜனவரி, பிப்ரவரிக்கு இடம் வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.