‘பால் தண்ணியா இருக்கே’ என்று யாராவது சொன்னால்

தங்கச்சி, தலைப்பிள்ளையோடு கடம்பூரில் தாய்வீட்டில் இருக்கிறாய். பார்க்க வருகிற மதினிமாரும் ஆச்சிமாரும் முதலில் கேட்பது, “பால் கெட்டியா வருதா?” என்றுதான். பீச்சிப் பார்த்தால் நீலம் பாரித்துத் தண்ணியாகத் தெரியும். உடனே யாராவது பவுடர் டப்பா வாங்க ஆள் அனுப்புவார்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடு.

தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சராசரியாக 4 கிராம் கொழுப்பு இருக்கிறது. பிள்ளைக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி அதிலிருந்துதான். மாவுச்சத்து, புரதத்தைவிட அதிகமாக ஏறி இறங்குவதும் அதுதான். ஆஸ்திரேலியாவில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளின் தாய்மாரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருத்தியின் பாலில் 2.2 கிராம், இன்னொருத்தியின் பாலில் 6.2 கிராம் என்று அளவு மாறியது. ஆக, மாறுவது குறை இல்லை. எவ்வளவு கொழுப்பு என்பது பெரும்பாலும் பிள்ளை மார்பைக் காலி செய்வதைப் பொறுத்தது. என்ன வகைக் கொழுப்பு என்பதுதான் உன் அடுப்படியைப் பொறுத்தது.

1. நிறத்தை வைத்து முடிவு கட்டாதே
பிரசவம் ஆனதும் மஞ்சளாக, கெட்டியாக வரும் சீம்பாலில் கொழுப்பு குறைவு. புரதமும் நோய் எதிர்ப்புச் சத்தும்தான் அதிகம். பின்னால் வரும் வெளிறிய பாலில்தான் கொழுப்பு கூடுகிறது. கெட்டியாக இருந்தால் கொழுப்பு, தண்ணியாக இருந்தால் சத்தில்லை என்ற கணக்கு இங்கேயே பொய்த்துப்போகிறது.

2. ஒரு பக்கத்தை முடிக்க விடு
கொழுப்புத் துளிகள் பால் சுரக்கும் பைகளின் சுவரில் ஒட்டி நிற்கும். பிள்ளை குடிக்கக் குடிக்க அவை கழன்று பாலோடு வரும். அதனால் முதலில் வருவது மெலிவாகவும் கடைசியில் வருவது கொழுப்பாகவும் இருக்கும். பத்து நிமிஷம் ஆயிற்று என்று பக்கம் மாற்றாதே. பிள்ளை தானாக விட்ட பிறகு மறுபக்கம் கொடு. பாதியில் தூங்கிவிட்டால் மார்பை மெதுவாக அமுக்கிக் கொடுத்துப் பார், மறுபடி உறிஞ்சும்.

3. இடைவெளியைக் குறை
ரொம்ப நேரம் கழித்துக் கொடுத்தால் மார்பு நிறைந்து, முதல் பால் மெலிந்து வரும். அடிக்கடி கொடுத்தால் தொடக்கத்திலேயே கொழுப்பு கூடுதலாக இருக்கும். காலை, மாலை, இரவு என்று நேரத்துக்கு நேரமும் மாறும். ஆகவே ஒருவேளைப் பாலைப் பார்த்துப் பயப்படாதே. நாள் முழுதும் குடிப்பதுதான் கணக்கு.

4. வெயிலுக்குத் தண்ணீர் வேண்டாம்
கரிசக்காட்டு வெயிலில் பிள்ளைக்கு நாக்கு வறளும் என்று சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் என்று வரிசையாகக் கொண்டு வருவார்கள். ஆறு மாதம்வரை எதுவும் வேண்டாம். தாகத்துக்கு அந்த மெலிந்த முதல் பாலே போதும். கூட இரண்டு தடவை கொடு.

5. எண்ணெயைப் பார்த்து ஊற்று
நேற்று நீ தின்ற எண்ணெய் இன்றைய பாலில் தெரியும். மீதி உன் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பிலிருந்து வரும். செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நல்லவைதான், உளுந்தங்களிக்குத் தாராளமாக ஊற்று. வனஸ்பதியை மட்டும் தொடாதே, அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு அப்படியே பாலுக்குப் போகும். போளி ஆசை வந்தால் வீட்டில் நெய் விட்டுச் சுட்டுக்கொள். எண்ணெயை அறவே விட்டுச் சோறும் இனிப்புமாகத் தின்றால் மார்பே லாரிக், மிரிஸ்டிக் வகைக் கொழுப்புகளைக் கூடுதலாகச் செய்துகொள்ளும்.

6. வாரம் இரண்டு நாள் சாளை
நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இல்லாதது டிஎச்ஏ. பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு அது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் பார்த்தபோது, தாய்ப்பாலின் கொழுப்பில் அது சராசரி 0.32 சதவீதம், குறைந்தபட்சம் 0.06, அதிகபட்சம் 1.4. மீன் தின்னும் கடலோர மக்களிடம் கூடுதல். நாம் உள்நாடு என்றாலும் தூத்துக்குடி பக்கத்தில்தானே இருக்கிறது! சாளை, நெத்திலி போன்ற சின்ன மீனாக வாங்கு. சுறாப்புட்டு எப்போதாவது போதும். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். மீன் தொடாதவர்கள் முட்டை சேர்க்கலாம், பாசியிலிருந்து எடுக்கும் டிஎச்ஏ மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். ஆளிவிதை நல்லதுதான், ஆனால் உடம்பு அதை டிஎச்ஏ ஆக மாற்றுவது மிகக் கொஞ்சம்.

7. பத்தியம் என்று அரைவயிறு கிடக்காதே
குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சி. கோபாலன் 1950-களில் ஏழைத் தாய்மாரின் பாலை ஆராய்ந்தார். சாப்பாடு போதாதபோதும் பாலில் புரதம் பெரிதாகக் குறையவில்லை, வைட்டமின்கள்தான் குறைந்தன. உன்னைக் கரைத்துத்தான் உடம்பு பாலைக் காப்பாற்றுகிறது. ரொம்ப மெலிந்துபோனால் பாலில் கொழுப்பும் இறங்கும். கீரை, முட்டை, பருப்பு எதையும் ஒதுக்காதே.

8. வேலைக்குத் திரும்பும்போது
தீப்பெட்டி ஆபீஸோ கடலைமிட்டாய்க் கம்பெனியோ, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு; கேட்டு வாங்கு. பீச்சி வைப்பதாக இருந்தால் கடைசிச் சொட்டுவரை பீச்சு. அறை வெப்பத்தில் 4 மணி நேரம் என்பது 25 டிகிரி வரைக்கும்தான். நம் ஊர்ச் சித்திரைக்கு அது செல்லாது, உடனே ஃபிரிட்ஜில் வை. மேலே ஆடையாகப் பிரிந்து நின்றால் கெட்டுப்போகவில்லை, கொழுப்பு மிதக்கிறது. வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து, பாத்திரத்தை மெல்லச் சுழற்றிக் கலக்கிக் கொடு. இல்லையென்றால் கொழுப்பெல்லாம் பாத்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

9. பார்க்க வேண்டியது பிள்ளையை
ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட வேண்டும். அதன் பிறகு முதல் சில மாதங்களில் மாதம் அரைக் கிலோவாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதம் சரிதானா என்று நர்சம்மாவைப் பார்க்கச் சொல். டப்பாப் பால் பேச்செல்லாம் அதற்கு அப்புறம், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும்.