பள்ளி பிராஜெக்டுக்கு இணையவழி வழிகாட்டி

பிராஜெக்ட் என்று பள்ளியில் சொன்னதும் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ஸ்டேஷனரி கடையில் ரெடிமேட் மாடல் வாங்குகிறோம். அல்லது பத்துப் பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறோம். மார்க் கிடைத்துவிடுகிறது. ஆசிரியர் கேட்கும் முதல் கேள்விக்கே பிள்ளை விழிக்கிறது. பெற்றோரையும் குறை சொல்ல முடியாது. அதிகம் படிக்காத வீட்டில் பிள்ளை யாரிடம் கேட்கும்? விவரம் தெரிந்த மாமா ரியாத்தில் இன்ஜினியர், சாச்சா துபாயில் லேப் டெக்னீஷியன்.

அவர்கள் வாரம் அரை மணி நேரம் தந்தால் போதும் என்கிறோம். ஆனால் வழிகாட்டியின் வேலை செய்து கொடுப்பது அல்ல, கேள்வி கேட்பது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தெருவின் போர் தண்ணீரைச் சோதிக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாமாக இருந்தால் ‘நீர் மாசு’ என்று சார்ட் ஒட்டிக் கொடுத்துவிடுவோம். விவரம் தெரிந்தவர் கேட்பார்: எத்தனை வீட்டுத் தண்ணீர் எடுத்தாய்? ஒரே குழாயில் மூன்று முறை அளந்தால் ஒரே எண் வருகிறதா? டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பின் அளவைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. அப்படியிருக்க ‘நல்ல தண்ணீர்’ என்று எழுதலாமா? குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. இதையும் அவர் சொல்லிவிடாமல், அவளையே தேட விடவேண்டும். மீட்டர் இல்லையென்றால் தண்ணீரின் கடினத்தன்மையையாவது பார்க்கலாம்: சம அளவு தண்ணீரில் சம அளவு சோப்பு போட்டுக் குலுக்கி, நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். சோப்புதான் வேண்டும்; டிடர்ஜென்ட் பவுடர் கடின நீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும்.

பேசுவதற்கு முன் அந்த வாரம் செய்ததையும் சிக்கிய இடத்தையும் பிள்ளை ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். வெறுங்கையோடு உட்கார்ந்தால் வழிகாட்டி பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்.

நேரத்துக்கு, இங்கே இஷாவுக்குப் பிறகு இரவு 8.30 என்றால் துபாயில் 7 மணி, ரியாத்தில் 6. பல அலுவலகங்களுக்கு இரண்டு ஊரிலும் சனிக்கிழமை விடுமுறை. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் எடுக்காது என்பது உங்களுக்கே தெரியும், ஜூம் வைத்துக்கொள்ளலாம். இலவச ஜூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், அதுவும் நல்லதற்குத்தான்.

வழிகாட்டி சொந்தக்காரரே ஆனாலும் கூடத்தில், பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே பேச வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைப்பது இன்னும் நல்லது. பெண் பிள்ளைகளை அனுமதிக்கத் தயங்கும் தாய்மார்களுக்கும் இது ஒத்துவரும். வகுப்பு ஆசிரியரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிள்ளையின் யோசனை புதிதாக இருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு அனுப்பலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே தகுதி உண்டு. பள்ளிதான் இணையத்தில் பதிய வேண்டும் என்பதால் தலைமையாசிரியரைக் கேளுங்கள். தேர்வானால் மாடல் செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். பிள்ளை பெயரில் கணக்கு இல்லாதவர்கள் இப்போதே தொடங்கி வைத்துக்கொள்ளலாம்.