மோதலில் தொலைந்த ஆற்றல் எங்கே போனது?

கேள்வி: குவார்க்கை யாருமே பார்த்ததில்லை என்கிறார்கள். அப்படியானால் புரோட்டானுக்குள் அது இருக்கிறது என்று முதலில் எப்படித் தெரிந்தது?

பதில்: புரோட்டானில் மோதிய எலெக்ட்ரான் எவ்வளவு ஆற்றலை இழந்து வெளியே வந்தது என்று கணக்குப் பார்த்ததில் தெரிந்தது.

கேரம் விளையாட்டில் ஸ்ட்ரைக்கர் இழக்கும் வேகம் காய்க்குப் போகிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கும். இது மீட்சி மோதல். ஈரக் களிமண் உருண்டையைத் தரையில் அடித்தால் அப்படியே அப்பிக்கொள்கிறது. வந்த ஆற்றல் உருண்டையை நசுக்குவதில் தீர்ந்துவிட்டது. இது மீட்சியற்ற மோதல். துகள் உலகில் இந்த இரண்டாவது வகைதான் விஷயத்தைச் சொல்லும். தொலைந்த ஆற்றல் அடிபட்டதன் உள்ளே போயிருக்கிறது. எவ்வளவு போனது என்பதிலிருந்து உள்ளே இருப்பதைக் கண்டுகொள்ளலாம்.

இந்த வழியை 1914-லேயே பெர்லினில் ஜேம்ஸ் ஃபிராங்க், குஸ்டாவ் ஹெர்ட்ஸ் இருவரும் காட்டினார்கள். பாதரச ஆவி நிறைந்த குழாயில் எலெக்ட்ரான்களை ஓடவிட்டு, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். மின்னோட்டமும் கூடவே ஏறியது. எலெக்ட்ரானின் ஆற்றல் 4.9 எலெக்ட்ரான் வோல்ட்டை எட்டியதும் மின்னோட்டம் சட்டென்று சரிந்தது. பிறகு ஏறியது, அதே இடைவெளியில் மறுபடி சரிந்தது. பாதரச அணு 4.9-க்குக் குறைந்த எதையும் வாங்கிக்கொள்வதில்லை. அணுவின் ஆற்றல் படிப்படியாகத்தான் இருக்கும் என்று நீல்ஸ் போர் அதற்கு முந்தைய ஆண்டு சொன்னதற்கு இது நேரடிச் சாட்சி.

இனி புரோட்டான். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு அருகே சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்கோட்டு முடுக்கி 1966-ல் தயாரானது. அதில் எலெக்ட்ரான்களுக்கு 2,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் ஏற்றி, திரவ ஹைட்ரஜனில் இருக்கும் புரோட்டான்கள்மீது மோதவிட்டார்கள். சிதறி வந்தவற்றைப் பிடிக்கும் ராட்சதக் காந்த வரிசைகள் தண்டவாளத்தில் நின்றன. கோணத்தை மாற்ற வேண்டுமானால் அவற்றை அப்படியே நகர்த்துவார்கள். ஆரம்பத்தில் மீட்சிச் சிதறல்தான் பெரிதாக மதிக்கப்பட்டது. கூட்டாளிகளாக இருந்த கால்டெக் குழுவினர் அந்தப் பகுதி முடிந்ததும் விலகிவிட்டார்கள். எம்.ஐ.டி.யின் ஜெரோம் ஃபிரீட்மன், ஹென்றி கெண்டல், ஸ்டான்ஃபோர்டு முடுக்கி மையத்தின் ரிச்சர்ட் டெய்லர் ஆகியோரின் குழுக்கள் 1967-ல் மீட்சியற்ற சிதறலைத் தொடர்ந்தன. அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

புரோட்டான் பஞ்சுப் பொதி மாதிரி மெத்தென்று இருந்திருந்தால், நிறைய ஆற்றலை இழந்து பெரிய கோணத்தில் திரும்பும் எலெக்ட்ரான்கள் மிக அரிதாகவே கிடைத்திருக்கும். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வந்தன. பஞ்சுக்குள் பருத்திக்கொட்டை இருந்திருக்கிறது! 1968 ஆகஸ்டில் அங்கே வந்த ரிச்சர்ட் ஃபெய்ன்மன், புள்ளி போன்ற உள்துகள்களில் எலெக்ட்ரான் முட்டுவதாக வைத்துக்கொண்டால் கணக்கு பொருந்துகிறது என்று காட்டி, அவற்றுக்குப் 'பார்ட்டான்' என்று பெயரிட்டார். மர்ரே கெல்-மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் 1964-ல் காகிதத்தில் எழுதிவைத்த குவார்க்குகளே அவற்றில் மின்னூட்டம் உள்ளவை என்பது பிந்தைய சோதனைகளில் உறுதியானது. ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் மூவருக்கும் 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: ராமன் விளைவும் இதே இனமா?

பதில்: ஆம், அங்கே மோதுவது ஒளி. திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-ல் கொல்கத்தாவில் சூரிய ஒளியையும் வண்ண வடிகட்டிகளையும் வைத்துக்கொண்டு, வெறும் கண்ணாலேயே இதைக் கண்டார்கள். திரவத்தில் பட்டுச் சிதறி வெளியே வரும் ஒளியில் ஒரு சிறு பங்கு, மூலக்கூறுகளை அதிரவைத்துவிட்டு வருவதால் அதன் ஆற்றல் குறைந்திருக்கும். நிறமும் அதற்கேற்ப மாறியிருக்கும். எவ்வளவு மாறியது என்பது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வேறுபடும். அதைக் கொண்டு புட்டியைத் திறக்காமலேயே உள்ளே இருக்கும் மருந்து இன்னதென்று சொல்லும் கைக்கருவிகள் இப்போது பயன்பாட்டில் இருக்கின்றன.